ஃபோம் பலகைக்கு முன் காற்றுவழியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கனடாவின் ஸ்காபரோவில் எங்களுடையது பழைய வீடு. போன மார்கழியில் ஒரு ஒப்பந்தக்காரர் அற்றிக்கில், அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள வெளியில், குளிரைத் தடுக்கவென்று கூரைச் சட்டங்களுக்கிடையே இரண்டு அங்குல ஃபோம் பலகைகளை இறுக்கி அடைத்துவிட்டுப் போனார். மாசியில் மகளின் அறைச் சீலிங்கில் பழுப்புக் கறை. கூரை ஒழுகுகிறது என்றுதான் நினைத்தோம். ஏணி வைத்து ஏறி டோர்ச் அடித்தால், வெளியே துருத்திய ஆணி முனைகளிலெல்லாம் வெள்ளையாக உறைபனி! பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்தது.

குளியலறைக் காற்றாடியின் குழாய் அற்றிக்குக்குள்ளேயே திறந்திருந்தது. கூரை விளிம்பின் அடியில் காற்றுக்காக இருக்கும் இறவாரத் துவாரங்களைப் பலகைகள் மூடிவிட்டன. ஈரக்காற்று எங்கே போகும்?

வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும் திறனை ‘ஆர்’ என்ற அளவால் சொல்வார்கள். இந்தப் பலகை அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-5 தான். ஒன்ராறியோவில் புதுவீட்டு அற்றிக்குக்குக் கேட்பது ஆர்-60. முதலில் சீலிங்கில் விளக்கு, குழாய் போகும் துளைகளை அடைத்துவிடுங்கள். காற்றாடிக் குழாயை வெளியே விடுங்கள். பிறகு அற்றிக் தரையில் செலுலோஸ் என்ற காகித நார் நிரப்பலாம். ஃபோம் பலகையை ஏறும் வாசல் மூடியின் முதுகில் ஒட்டுங்கள். அங்கே அது மிக நன்றாக வேலை செய்கிறது. இறவாரத் துவாரங்களை மட்டும் தயவுசெய்து மூட விடாதீர்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்