நீரிழிவு நோயாளிகளின் பாதப் பரிசோதனையைக் கட்டாயமாக்கக் கோரும் மனு

பெறுநர்:
பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்கள்

பொருள்: அரசு மருத்துவமனைகளின் நீரிழிவுப் பிரிவுகளில் பாத நரம்புப் பரிசோதனை செய்ய ஆணையிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நீரிழிவு நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தாருமாகிய நாங்கள் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம். மாதந்தோறும் மருந்து வாங்க வருவோரிடம் "கால் வலிக்கிறதா?" என்று கேட்கிறார்கள், இல்லை என்றதும் அடுத்தவரை அழைத்துவிடுகிறார்கள். செருப்பைக் கழற்றச் சொல்வது அரிது. நரம்பு கெட்ட பாதம் வலியை உணராது என்பதால், அந்த 'இல்லை' என்ற பதிலை நம்ப இயலாது.

சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் உடலின் மிக நீண்ட நரம்புகள் முதலில் பழுதடைவதால், பாதிப்பு கால்விரல்களில் தொடங்குகிறது. சிலருக்கு இரவில் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற வலியும் உண்டாகும். அவர்களாவது மருத்துவரிடம் முறையிடுவார்கள். பலருக்கோ வெறும் மரத்துப்போதல்தான். வியர்வையைத் தூண்டும் நரம்புகள் செயலிழக்கும்போது தோல் வறண்டு, குதிகால் வெடித்து, அவ்வெடிப்பின் வழியே கிருமிகள் நுழைகின்றன. இதைச் சாதாரணப் பித்தவெடிப்பு என்றே பலரும் விட்டுவிடுகிறார்கள். பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் வளைவதால், முன்பாதத்தில் அழுத்தம் கூடித் தோல் காய்த்துப்போகிறது; அந்தக் காய்ப்புக்கு அடியில் புண் உருவாவது வெளியே தெரிவதில்லை. கால் ஆணிக்கென்று கடைகளில் விற்கப்படும் அமிலப் பட்டைகளை ஒட்டிக்கொள்வோர் தோலை மேலும் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். பாதம் திடீரென வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால், அது எலும்பும் மூட்டும் சிதையத் தொடங்கும் சார்கோ பாதமாகவும் இருக்கலாம். சுளுக்கு என்றெண்ணித் தொடர்ந்து நடப்பவர்களுக்குப் பாதத்தின் வளைவே இடிந்துபோகக்கூடும்.

இவற்றை முன்கூட்டியே அறியப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தொடு உணர்வைச் சோதிக்க 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழை, அதிர்வு உணர்வைச் சோதிக்க 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை, இரத்த ஓட்டத்தை அறியப் பாத நாடியைத் தொட்டுப் பார்க்கும் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர், சில நிமிடங்கள் ஆகியவை போதும்.

ஆகவே, இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட நாளிலிருந்தே ஆண்டுக்கு ஒருமுறையும், உணர்வு குறைந்தோருக்கு அதைவிட அடிக்கடியும், முன்பு புண் வந்தோருக்கு 1 முதல் 3 மாதங்களுக்கு ஒருமுறையும் இப்பரிசோதனையைச் செய்து, முடிவை நோயாளியின் குறிப்பேட்டில் பதிவுசெய்ய ஆணையிடுமாறு வேண்டுகிறோம். காய்ப்பைப் பாதுகாப்பாகச் சீவி அகற்றும் வசதியும், அழுத்தத்தைக் குறைக்கும் காலணிகளும் கிடைக்கச் செய்ய வேண்டும். இவற்றுக்குக் காலம் பிடிக்குமாயின், வருகைதோறும் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்கும் நடைமுறையையாவது உடனே தொடங்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நீரிழிவு நோயாளிகளும் குடும்பத்தாரும்