கேட் தேர்வுக்கு 30 நாள் வகுப்பு: பொறியியல் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும் வணக்கம்.

இயந்திரப் பொறியியல் துறையில் நெடுங்காலமாகப் பாடம் நடத்திவருகிறேன். ஏழாம் செமஸ்டர் தேர்வுகள் முடிந்த கையோடு, இறுதியாண்டு மாணவர்கள் சிலர் என் அறைக்கு வந்து, எம்.டெக். சேர்க்கைக்காகப் பிப்ரவரியில் நடக்கும் கேட் நுழைவுத் தேர்வுக்கு இனி எப்படிப் படிப்பது என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள். ஜனவரி மாதத்தில் 30 நாள் சிறப்பு வகுப்பு நடத்துவதாகக் கல்லூரிகள் ஒட்டும் அறிவிப்பை நம்பித்தான் அவர்கள் அதுவரை காத்திருக்கிறார்கள். அந்த அறிவிப்பை நிறுத்துங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

மூன்று மணி நேரத்தில் 65 வினாக்கள், 100 மதிப்பெண். அவற்றில் 15 மதிப்பெண் பொது அறிதிறனுக்கும், பெரும்பாலான தாள்களில் ஏறத்தாழ 13 மதிப்பெண் பொறியியல் கணிதத்துக்கும் உரியவை. முதல் இரண்டு ஆண்டுகளில் நாமே நடத்திமுடித்த கணிதத்தை மாணவர்கள் மறந்துவிட்டு, வெப்ப இயக்கவியலிலோ திரவ இயக்கவியலிலோ எல்லாவற்றையும் ஈட்டிவிடலாம் என்று எண்ணுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஜூலை முதல் ஜனவரி வரை ஏறத்தாழ முப்பது வாரங்கள் உள்ளன. புராஜெக்ட், பிளேஸ்மென்ட் பயிற்சி, இன்டர்னல் தேர்வுகள் ஆகியவற்றுக்கு இடையே வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் கிடைத்தாலும் மொத்தம் 450 மணி நேரந்தான். முழுப் பாடத்திட்டத்தையும் புதிதாகப் படிக்க அது போதாது என்பதையும், ஐந்தாறு பாடங்களைத் தேர்ந்து பழைய வினாக்களோடு ஊன்றிப் படிக்கப் போதும் என்பதையும் ஆண்டின் தொடக்கத்திலேயே அவர்களிடம் சொல்லிவிடுவது நம் கடமை.

தேர்ச்சி பெற்றோர் பெயர்களைப் பலகையில் எழுதி மகிழ்கிறோம். ஆனால், தேர்ச்சி மதிப்பெண் பல தாள்களில் முப்பதை ஒட்டியே நிற்பதுண்டு. ஐஐடியில் விரும்பிய பிரிவில் எம்.டெக். இடம் பெற அதைவிட மிக அதிகம் தேவைப்படும். இந்த வேறுபாட்டை முன்கூட்டியே அறியாத பிள்ளை, தேர்ச்சிச் செய்தியைப் பெற்றோரிடம் சொல்லிவிட்டு, கலந்தாய்வின்போதுதான் உண்மையை அறிகிறது.

தேர்வின் நடைமுறைப் பழக்கமும் குறைவாகவே இருக்கிறது. நான்கு ஆண்டுகள் கையில் கால்குலேட்டரோடு எழுதிய மாணவர், அங்கே திரையில் தெரியும் கால்குலேட்டரை மவுசால் அழுத்திக் கணக்கிட வேண்டும். ஒரு விடையைத் தேரும் வினாவில் தவறினால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். பல விடைகளைத் தேரும் வினாக்களிலும் எண்ணை உள்ளிடும் வினாக்களிலும் கழிவு கிடையாது. எதை விடுவது, எதைத் துணிந்து எழுதுவது என்ற தெளிவு எழுதிப் பார்த்தால்தான் வரும்.

மூன்றாம் ஆண்டு மாணவர்களும் கேட் எழுத 2021 முதல் அனுமதி உண்டு. மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். ஆகவே, ஐந்தாம் செமஸ்டர் தொடங்கும்போதே ஒரு சனிக்கிழமை காலை கணினி ஆய்வகத்தைத் திறந்து, பழைய வினாத்தாள் ஒன்றை முழு மூன்று மணி நேரமும் இடைவேளையின்றி எழுதவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பதினெட்டு மதிப்பெண் வந்தாலும் அதை மாணவரிடம் மறைக்காமல் கொடுங்கள். எந்தப் பாடத்தில் எத்தனை வினாக்கள் தவறின என்பதை அவரோடு உட்கார்ந்து பார்க்க, துறைக்கு ஓர் ஆசிரியரை மட்டும் ஒதுக்கினால் போதும்.

அன்புடன்,
ஒரு பொறியியல் ஆசிரியர்