எரிந்த துணிக்குக் காரணம் மருந்து மட்டுமன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்துத் துப்பாக்கிகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். சிக்கிமுக்கிக் கல்லின் பொறியில் கருமருந்து பற்றிக்கொள்ளும் விதத்தைக் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருந்தார். ஆனால், குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் மரையில்லாத (அதாவது குழலின் உட்சுவரில் சுருள் பள்ளங்கள் வெட்டப்படாத) துப்பாக்கிகளில், ஈயக்குண்டைப் பொதிந்துள்ள துணி எரிந்துபோவதைப் பற்றிச் சொல்லுமிடத்தில், மருந்து கூடினால் துணி எரியும், மருந்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இந்தியானா மாநிலத்தில் பதினாறு ஆண்டுகளாக இத்தகைய துப்பாக்கிகளைக் கொண்டு இலக்குச் சுடுபவன் என்ற முறையில், அந்த வரி பாதி உண்மைதான் என்பதையும், மீதிப் பாதியை அறியாமல் இருப்பது ஆபத்தில் கொண்டுபோய் விடும் என்பதையும் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

குழலின் உள்விட்டத்தைவிடக் குண்டு சற்றுச் சிறியதாக இருந்தால்தான் கெட்டிக்கோலால் அதை அடிவரை தள்ள முடியும். அந்த இடைவெளியை அடைப்பதற்காகவே கொழுப்பு தடவிய துணியில் குண்டைப் பொதிந்து இறக்குகிறோம். அடைப்பு இறுக்கமாக இருந்தால், மருந்து பற்றியதும் எழும் வாயு துணியையும் குண்டையும் ஒருசேர உந்தித் தள்ளும். இறுக்கம் போதவில்லையென்றால், கிடைத்த சந்தில் பீறிட்டுத் துணியைப் பொசுக்கிக்கொண்டு குண்டை முந்தி ஓடிவிடும். மரையுள்ள குழலில் துணி மரைப் பள்ளங்களுக்குள் அழுந்திப் பிடித்துக்கொள்ளும். மரையில்லாத குழலில் அந்தப் பிடிமானம் கிடையாது; போதாததற்கு, எளிதாகக் கெட்டிக்க வேண்டும் என்பதற்காகச் சிறிய குண்டையும் மெல்லிய துணியையும் பலர் தேர்ந்தெடுப்பதால் இந்தத் தொல்லை இங்கே அடிக்கடி தலைகாட்டுகிறது. மருந்தைக் குறைத்தால் வாயுவின் வேகம் தணிந்து துணி பிழைக்கக்கூடும். சந்து அப்படியேதான் இருக்கும், குண்டும் முன்போலவே சிதறித்தான் போகும்.

கட்டுரையில் இன்னொரு சிறு பிழையும் உண்டு. அக்காலப் படைவீரர்கள் துணி சுற்றிச் சுட்டதாக எழுதப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் காலாட்படையின் பிரவுன் பெஸ் துப்பாக்கியின் உள்விட்டம் ஏறக்குறைய 0.75 அங்குலம், குண்டோ ஏறக்குறைய 0.69 அங்குலம். மருந்தும் குண்டும் சேர்த்துச் சுருட்டிய காகிதப் பொட்டலத்தைக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைக் காகிதத்தோடே உள்ளே தள்ளுவதுதான் அவர்கள் முறை. குழலில் கரி படிந்த பிறகும் தடையின்றிக் கெட்டிக்க வேண்டும் என்பதே அவ்வளவு இடைவெளி விட்டதன் நோக்கம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளுக்காக உருவாகி, 1790-களில் பிரிட்டிஷ் படையே ஏற்றுக்கொண்ட 39 அங்குலக் குழல் கொண்ட ‘இந்தியா பேட்டர்ன்’ துப்பாக்கியும் இந்த வகையே. கொழுப்புத் துணியில் குண்டைப் பொதிவது வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடுவோரும் கைக்கொண்ட வழக்கம்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் முதலில் வாங்கியது 20 கேஜ் துப்பாக்கி. அதன் உள்விட்டம் 0.62 அங்குலம். 0.590 அங்குலக் குண்டும், 0.010 அங்குலத் தடிமனுள்ள பழைய சட்டைத் துணியும் வைத்துச் சுட்டுவந்தேன். 25 கெஜத் தொலைவில்கூட இரண்டு குண்டுகள் அருகருகே விழுந்ததில்லை. மழை பொய்த்த ஒரு ஜூன் மாதத்தில், சுட்டு முடித்துத் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பினால், குழல்வாய்க்குப் பத்தடி தொலைவில் காய்ந்த புல்லிலிருந்து மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது. கருமருந்துப் புகைதான் இன்னும் கலையவில்லை என்று முதலில் நினைத்தேன். அருகில் போனபோது உள்ளங்கை அகலத்துக்குப் புல் கருகி, நடுவில் என் துணி சிவந்து கனன்றுகொண்டிருந்தது. குழலைக் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரைக் கொட்டி அணைத்தேன். காற்று சற்று வீசியிருந்தால் அந்த ஒரு வாளி போதாமல் போயிருக்கும்.

அன்று தரையில் பொறுக்கிய துணிகளைக் காரின் முன்மூடியின் மேல் வரிசையாகப் பரப்பிப் பார்த்த எங்கள் துப்பாக்கிக் கழகத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், மருந்தின் அளவைக் கேட்கவே இல்லை. குண்டின் விட்டம் என்ன, துணியின் தடிமன் என்ன என்றுதான் கேட்டார். கணக்கு எளியது. 0.62-இல் 0.59-ஐக் கழித்தால் 0.03, அதில் பாதி, அதாவது 0.015 அங்குலம், ஒவ்வொரு பக்கமும் உள்ள இடைவெளி. அதை 0.010 அங்குலத் துணி எப்படி அடைக்கும்? மெத்தை உறைக்குப் பயன்படும் நெருக்கமான நெசவுள்ள 0.018 அங்குலப் பருத்தித் துணிக்கு மாறியபோது, கெட்டிக்கோலை ஊன்றித் தள்ள வேண்டிய அளவுக்கு இறுக்கம் வந்தது. மருந்தைத் துளியும் குறைக்காமலேயே துணி எரிவது நின்றது. சுத்தியால் அடித்து இறக்க வேண்டிய அளவுக்கு இறுக்கம் போகக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

துணியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பாலியெஸ்டர் கலந்த துணி சூட்டில் உருகும். பருத்தியோ லினனோ மட்டுமே ஏற்றவை. கடையில் வாங்கிய புதுத் துணியில் கஞ்சி இருக்கும். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்துப்போல் உருண்டு நிற்கும். வெந்நீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்த பின் விட்டால் நொடியில் உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரையே ஏற்காத துணி கொழுப்பை எப்படி ஏற்கும்? மேலாகப் பூசிய கொழுப்பு குழலிலேயே வழிக்கப்பட்டுவிட, துணி காய்ந்த நிலையில்தான் அடிக்குப் போய்ச் சேர்கிறது. மாட்டுக்கொழுப்பையும் தேன்மெழுகையும் உருக்கி, சிறிது ஆலிவ் எண்ணெய் கலந்து, துணி முழுதும் ஊறும்படி தேய்ப்பது நான் கடைப்பிடிக்கும் முறை. எந்திரங்களுக்கு இடும் பெட்ரோலிய எண்ணெய் கருமருந்தோடு சேர்ந்து தார்போல இறுகிவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. கொழுப்பூட்டிய துணிகளை ஆண்டுக்கணக்கில் டப்பாவில் போட்டு வைத்தால் நூல் இற்றுப்போகும். கையால் இழுத்ததுமே கிழியும் துணியைக் குழலில் இடுவதில் பயனில்லை.

இவ்வளவு செய்தும் எரிகிறதென்றால், மருந்துக்கும் குண்டுக்கும் இடையே ஒரு தக்கை வைக்கலாம். கம்பளித் தக்கையோ அட்டை வில்லையோ நெருப்பை முதலில் தான் வாங்கிக்கொண்டு துணியைக் காக்கும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் காய்ந்த குளவிக்கூட்டின் காகிதம் போன்ற ஏடுகளைக் கசக்கி இதே வேலைக்குப் பயன்படுத்தினார்கள். இன்றும் அப்படிச் செய்வோர் உண்டு.

எரிந்த துணியையும் அறுபட்ட துணியையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. நடுவில் மட்டும் வட்டமாகக் கறுத்து, ஓரம் பிசிர் விட்டிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. குண்டின் விலாப்பகுதி படிந்த வட்டத்தில் பொசுங்கிய ஓட்டைகள் இருந்தால் வாயு கசிந்திருக்கிறது. கருகலே இல்லாமல் பிறைபோன்ற சுத்தமான வெட்டுகள் இருந்தால், குழல்வாயின் கூரிய விளிம்புதான் அதை அறுத்திருக்கும். அந்த விளிம்பை மழுக்கித் தர ஆயுதம் செப்பனிடுபவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஐயம் இருந்தால், வெறுமையானது என்று உறுதிசெய்த குழலில் மருந்தே இல்லாமல் துணி பொதிந்த குண்டை இறக்கி, குண்டு பிடுங்கும் திருகால் வெளியே இழுத்துப் பார்க்கலாம். நெருப்பே காணாத துணி கிழிந்து வந்தால் மருந்தின் மேல் பழிபோட இடமில்லை.

புல்லில் விழும் துணி கண்ணுக்குத் தெரியும். குழலுக்குள் தங்கிவிடும் கனல் தெரியாது. அதன்மேல் அடுத்த மருந்தைக் கொட்டினால் கொட்டும்போதே பற்றிக்கொள்ளும். ஆகவே மருந்தைச் சேர்த்து வைத்திருக்கும் கொம்பிலிருந்து நேரே குழலுக்குள் ஒருபோதும் கொட்டாமல், தனியே ஓர் அளவுக் குப்பியில் அளந்தே கொட்ட வேண்டும். ஒவ்வொரு முறை சுட்ட பின்பும் ஈரத்துணியால் குழலைத் துடைத்து, அடுத்துக் காய்ந்த துணியாலும் துடைக்க வேண்டும். 1933-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தேசிய குழல்வாய்த் துப்பாக்கிச் சங்கத்தின் இருப்பிடமான ஃபிரெண்ட்ஷிப் என்னும் சிற்றூர் எங்கள் மாநிலத்தில்தான் உள்ளது. இந்தக் கலையைக் கற்க விரும்புவோர் அங்கு நடக்கும் போட்டிகளைப் பார்க்கலாம். இந்தியாவில் இத்தகைய துப்பாக்கிக்கும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை என்பதைத் தமிழகத்து வாசகர்களுக்கு நினைவூட்டுவது கடமை என்று கருதுகிறேன்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் வாரங்களில் வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். மருந்தைக் குறைக்கச் சொன்ன அந்த வரியைத் திருத்தி, இடைவெளியை அளந்து பார்க்கும் கணக்கையும், கொம்பிலிருந்து நேரே கொட்டக் கூடாது என்ற எச்சரிக்கையையும் அதில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
இந்தியானா, அமெரிக்கா