செனட் ஹவுஸ் மரபு நடைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமான செனட் ஹவுஸைச் சுற்றி நாம் போன மரபு நடை நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்கள், ஆனால் அன்றைக்கு நான் பேசியதில் பாதி மற்றவர்கள் சொல்லிக்கொடுத்தது, அதனால்தான் இந்த மடல்.

முதலில், ஓய்வுபெற்ற அந்த நூலகர் ஐயா. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு கூடவே பிறந்த கட்டடம் என்று என் குறிப்பில் பெருமையாக எழுதி வைத்திருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பிள்ளை பிறந்து இருபத்திரண்டு வருஷம் கழிச்சுத்தான் அதுக்கு வீடு கட்டி முடிச்சாங்க" என்றார். சரிதான். கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் வடிவமைத்த இந்தக் கட்டடத்தின் வேலை 1874-ல் தொடங்கி 1879-ல்தான் முடிந்தது. அதுவரை பட்டமளிப்பு விழாக்கள் விருந்து மண்டபத்தில், அதாவது இன்றைய ராஜாஜி மண்டபத்தில் நடந்தன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1937-ல் மெட்ராஸ் மாகாணச் சட்டமன்றம் முதலில் கூடியது செனட் ஹவுஸில், அடுத்த வருஷமே அது அதே விருந்து மண்டபத்துக்குப் போய்விட்டது. பட்டம் அங்கிருந்து இங்கே வந்தது, சட்டம் இங்கிருந்து அங்கே போனது! இதைச் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம் மேஸ்திரி அண்ணன். பைசாந்தியப் பாணி, இஸ்லாமியப் பாணி, நான்கு மூலைக் கோபுரங்கள் என்று நான் வகுப்பெடுத்துக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்குச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். பழைய செங்கல் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும், அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும், அதிலும் கடற்கரை உப்புக்காற்று என்றால் கேட்கவே வேண்டாம் என்று அவர் சொல்லத் தொடங்கியதும் கூட்டம் மொத்தமாக அவர் பக்கம் போய்விட்டது. அண்ணே, அடுத்த முறை நீங்கள்தான் பேசுகிறீர்கள்.

முட்டிவலியோடு வந்த அம்மாவுக்குத் தன் நாற்காலியைத் தூக்கிக் கொடுத்த காவலாளிக்கும், வெயிலில் தண்ணீர் சுமந்த கல்லூரிப் பெண்கள் இருவருக்கும் நன்றி.

கறுப்புக் குடை ஒன்று என்னிடம் இருக்கிறது, ஒரு கம்பி வளைந்தது. யாருடையது?