மணப்பாட்டுக் கரையிலிருந்து வசந்திக்கு

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. தலைக்குக் குளிக்க அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாக அம்மாவிடம் சொல். நான் சொன்னால் கேட்பார்கள்.

"இன்னும் எத்தனை வருஷம் நோட்டும் கையுமாகக் கடற்கரையில் அலையப் போகிறாய்? ஓங்கிலை, அதுதான் அந்த டால்பினை, எண்ணி என்ன ஆகப் போகிறது?" என்று கேட்டிருந்தாய். என் மேல் உள்ள அக்கறையில் கேட்டது, தெரியும். இதற்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்துத்தான் இத்தனை நாள் போய்விட்டது.

2016 பொங்கலுக்கு முன்னால் நடந்தது உனக்கு நினைவிருக்கும். டிவியில் பார்த்துவிட்டு ராத்திரியே போன் செய்தாயே. திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாடு வரைக்கும் உள்ள கரையில் கறுத்த, உருண்டைத் தலைத் திமிங்கிலங்கள் எண்பதுக்கு மேல் ஒதுங்கின. பைலட் திமிங்கிலம் என்று பெயர். நான் போனபோது இடுப்பளவு தண்ணீரில் ஆண்களும் பெண்களும் நின்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒன்றின் மேல் கை வைத்தேன். நனைந்த ரப்பர் மாதிரி வழுவழுப்பு. முதுகு காய்ந்த இடத்தில் மட்டும் தோல் சுருங்கியிருந்தது. தலைக்கு மேலிருந்த மூச்சுத்துளை திறந்து, புஸ் என்று ஒரு சத்தம் வந்து, மூடிக்கொண்டது. அடுத்த மூச்சு வருமா என்று காத்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் ஒரு ஆச்சி, தன் துண்டைக் கடலில் முக்கி முக்கி அதன் முதுகில் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது எவ்வளவு சரியான வேலை என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. ஈரத்துணி போட வேண்டும், மூச்சுத்துளையை மட்டும் மூடக்கூடாது.

நாங்கள் செய்த தவறும் உண்டு. வாலில் கயிறு கட்டி வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், இழுத்தோம். அப்படி இழுத்தால் அதன் முதுகெலும்பு தாங்காது. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. ஆழத்தில் கொண்டுபோய் விட்டதில் பல, திரும்பவும் கரைக்கே வந்தன. கூட்டத்தில் ஒன்று கரையில் கிடந்தால் மற்றவை அதை விட்டுப் போகாத ஜாதி அது. பாதிக்கு மேல் செத்துப்போயின.

அன்று மாலை வலைக்கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "இதே கரையில, இதே மாசம், நான் இளவட்டமா இருக்கையில வந்துச்சு பிள்ள" என்றார். நான் முழுசாக நம்பவில்லை. அப்புறம் தேடிப் பார்த்தால், 1973 ஜனவரியில் இதே கரைப்பகுதியில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியதை மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் சொன்னதில் ஒரு பிசகு இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, வசந்தி. அந்த இரண்டு ஜனவரிகளுக்கும் இடையில் 43 வருஷம் இருக்கிறது. அத்தனை வருஷமும் தினம் தினம் கடலுக்குப் போய் வந்தவர்கள் பார்த்ததை யாரும் உட்கார்ந்து கேட்கவே இல்லை.

கேட்பது லேசான வேலை என்றுதான் தொடங்கும்போது நினைத்தேன். 1972 வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு எந்த இடமோ ஓங்கிலுக்கும் அதே இடம், மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணை. நல்ல சட்டம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ராத்திரி மிதக்க விட்ட வலையில் ஓங்கில் தானாக வந்து சிக்கி, மேலே வந்து மூச்சுவிட முடியாமல் சாகிறது. காலையில் வலையை ஏற்றுகிறவர் என்ன செய்வார்? எங்கள் ஊரில் ஒருவர் தானாகவே வந்து அதைச் சொன்னார். விஷயம் ஓர் அலுவலகத்துக்குப் போனது. இரண்டு நாள் தொழிலுக்குப் போக விடாமல் அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதம், செத்த ஓங்கில் என்று ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. வலையை அறுத்துக் கடலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். என் நோட்டில் எட்டு மாதமும் சுழி. அந்தச் சுழியைப் பார்த்து, 'இந்தப் பக்கம் ஓங்கில் சிக்குவதில்லை' என்று யாராவது எழுதிவிடுவார்களே என்றுதான் பயந்தேன்.

உண்மை எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன். இந்தியப் பெருங்கடலில் சூரை மீன் பிடிக்கிற செவுள்வலைகளில் (மீனின் செவுள் கண்ணியில் மாட்டிக்கொள்கிற வலை) மட்டும் 1950 முதல் 2018 வரை சுமார் 41 லட்சம் ஓங்கில்களும் சிறு திமிங்கிலங்களும் செத்திருக்கும் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வலைக்காரர் வாய் திறக்காமல் இந்தக் கணக்கு குறையவே குறையாது.

அவர்கள் வாய் திறந்த இடமும் இருக்கிறது. பாகிஸ்தானில் 2012-லிருந்து டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு சூரைப் படகுகளின் ஓட்டிகளையே பழக்கி, வலையில் என்னவெல்லாம் சிக்குகிறது என்று அவர்களையே எழுதவும் படம் எடுக்கவும் வைத்தது. வெளியாள் யாரும் படகில் ஏறவில்லை. எழுதியது ஓட்டிகள் என்பதால் வழி கண்டுபிடித்ததிலும் அவர்கள் பங்கு இருந்தது. வலையை நீர்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் கீழே இறக்கிப் போட்டார்கள். ஓங்கில் சிக்குவது முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. இதை எங்கள் வலைக்கூடத்தில் சொன்னபோது அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மிதவைக் கயிற்றை எவ்வளவு நீளம் விட வேண்டும், நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்தால் வலை சுருளாதா என்று ஒரு மணி நேரம் விவாதம். எனக்குப் பதில் தெரியாத கேள்விகள்தான் அதிகம்.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற ஒருவரிடம் லுபான் கதையைச் சொன்னேன். ஓமன் கரையில் 2017 நவம்பரில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய கூன்முதுகுத் திமிங்கிலம் அது. பெண். லுபான் என்றால் அரபியில் குந்திரிக்கம். வாலில் குந்திரிக்க மரம் போல அடையாளம் இருந்ததால் அந்தப் பெயர். அரபிக் கடலைக் குறுக்கே கடந்து, நம் மேற்குக் கரையோரமாகத் தெற்கு முனை வரைக்கும் வந்துவிட்டு ஓமனுக்கே திரும்பிப் போனாள். ஓமன் பக்கம் அந்த இனத்தில் நூறுகூட இல்லை என்கிறார்கள். "நாங்க போற பாதைதானே அது" என்றார் அவர், சாதாரணமாக. கருவி மாட்டாத மற்ற திமிங்கிலங்களை யார் பார்ப்பார்கள் என்று நினைக்கிறாய்? இவர்தான்.

இப்போது நிலைமை தேவலை. பெயர் எழுத மாட்டேன், படகு நம்பர் எழுத மாட்டேன் என்று வாக்கு கொடுத்து, அதைக் காப்பாற்றியும் வருகிறேன். தேதி, எத்தனை பாகம் ஆழம், எத்தனை உருப்படி, குட்டி உண்டா, எந்தப் பக்கம் போனது, இவ்வளவுதான் கேட்பேன். வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. அளவு தெரிய ஓங்கில் பக்கத்தில் துடுப்பை வைத்துப் படம் எடுக்கிறார்கள். அது அவர்கள் கண்டுபிடித்த வழி.

ஒரு இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், அதற்கு நீ வேண்டும். இனம் அடையாளம் சொல்ல ஒரு பட அட்டை கொடுத்திருந்தேன். மூக்கிலிருந்து வால் வரை முழு உடம்பும் வரைந்த அழகான அட்டை. அந்தப் பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "முழு ஓங்கிலை யாரு பிள்ள பாத்தா? முதுகு தெரியும், செட்டை தெரியும், அம்புட்டுதான்" என்றார். முப்பது வருஷம் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள் நீ. வல்லத்தில் உட்கார்ந்தவன் கண்ணுக்குத் தெரிகிற அளவு மட்டும் எனக்கு வரைந்து தா. பம்பரம் மாதிரிச் சுழன்று குதிக்கிற ஓங்கில், கரையோரம் திமிலோடு வருவது, செட்டையே இல்லாத கடல்பன்றி, பைலட் திமிங்கிலத்தின் உருண்டைத் தலை. அப்புறம் எண்ணெய்த் திமிங்கிலத்தின் (ஸ்பெர்ம் திமிங்கிலம்) மூச்சு. அது நேராகப் பீறாது, முன்பக்கமாக இடது கைப்பக்கம் சாய்ந்து போகும். அந்தச் சாய்வு சரியாக வர வேண்டும்.

கறுப்பு மையில், கோடு தடிமனாக இருக்கட்டும். உப்புத்தண்ணீர் பட்டாலும் தெரிய வேண்டும். தபாலில் அனுப்பாதே, அம்மாவுக்குக் கண் தேறியதும் நீயே எடுத்துக்கொண்டு வா. விடிகாலையில் வல்லம் கரைக்கு வரும்போது பெரியவரிடம் காட்டலாம், சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

அன்புடன்,
மல்லிகா