ஒற்றை நாற்காலியை ஓட வைப்பவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஃபேஸ்டன் என்ற சிற்றூரில், மேட் ரிவர் கிளென் என்று ஒரு பனிச்சறுக்கு மலை இருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் எங்கள் மகள் முதல்முறையாக அதன் உச்சிவரை லிஃப்டில் போனாள். தனியாகத்தான் போனாள், வேறு வழியில்லை. அங்கே உச்சிக்குப் போகும் லிஃப்ட் என்பது, ஓடும் கம்பி வடத்தில் வரிசையாகத் தொங்கும் நாற்காலிகள். ஒரு நாற்காலிக்கு ஒரே ஆள். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார முடியாது, முன்னாலோ பின்னாலோ வேறு நாற்காலியில்தான் வர வேண்டும். பத்து வயதுப் பிள்ளை பயமில்லாமல் அப்படிப் போய் வந்ததற்குப் பின்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடல். மலையை நடத்துகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டோம். உதவியவர்களில் நம் தமிழ்க் குடும்பங்களும் இருப்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

முதல் நன்றி, நாங்கள் முகம்கூடப் பார்த்திராத மனிதர்களுக்கு.

இந்த மலையில் லிஃப்ட் ஓடத் தொடங்கியது 1948-இல். ரோலண்ட் பால்மெடோ என்பவர் தொடங்கி வைத்தார். பக்கத்திலுள்ள ஸ்டோவ் ஊரில் சேர்லிஃப்ட், அதாவது இப்படி நாற்காலி தொங்கும் லிஃப்ட், வருவதற்கும் அவர்தான் முன்னின்றவர். ஆனால் அந்த ஊர் வியாபாரமாக வளர்ந்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. பனிச்சறுக்கை நேசிக்கிறவர்களுக்கென்று ஒரு மலை வேண்டும் என்று இங்கே வந்தார். பிறகு மலை பிராட் குடும்பத்தின் கைக்கு வந்தது. கணவர் இறந்தபின் பெட்ஸி பிராட் என்ற அம்மையார் பல ஆண்டுகள் அதைத் தனியாக நடத்தினார். நினைத்திருந்தால் பெரிய நிறுவனத்துக்கோ, வீடு கட்டி விற்பவர்களுக்கோ விற்றிருக்கலாம். அவர் அதைச் செய்யாமல், அங்கே சறுக்க வருகிறவர்களுக்கே விற்றார். 1995-இல் அவர்கள் பங்கு பங்காகப் பணம் போட்டு, ஒரு கூட்டுறவாகச் சேர்ந்து மலையை வாங்கினார்கள். அப்போது பங்கு ஒன்று 1,500 டாலர். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. அமெரிக்காவில் சறுக்குகிறவர்களே கூட்டுறவாக உரிமை கொண்டாடும் முதல் மலை இதுதான். வெர்மான்ட்டும் சேர்ந்த நியூ இங்கிலாந்து என்ற வடகிழக்குப் பகுதியில் மட்டும் இப்படிப்பட்ட சின்ன மலைகள் அறுநூறுக்கும் மேல் மூடிக் கிடக்கின்றன. அந்த 1,500 டாலரைக் கொடுத்தவர்கள் இல்லையென்றால் இதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கக்கூடும். பெட்ஸி அம்மாவுக்கும் அந்தப் பங்குதாரர்களுக்கும் எங்கள் வணக்கம்.

அடுத்து, 2007-இல் லிஃப்டைக் காப்பாற்றியவர்கள்.

அறுபது வயதை நெருங்கிய லிஃப்டை என்ன செய்வது? கழற்றிவிட்டு, ஒரே நேரத்தில் இரண்டு பேரை ஏற்றும் புதிய லிஃப்டைப் போடலாம் என்ற பேச்சும் இருந்தது. கூட்டம் அதிகமாக ஏறும், டிக்கெட் அதிகம் விற்கும், கணக்குக்கு அதுதான் சரி. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு, ஒற்றை நாற்காலியே இருக்கட்டும் என்றார்கள். அதில் பழம்பொருள் மேல் உள்ள பாசம் இருந்தது, உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமில்லை. அந்த மலையில் செயற்கைப் பனி மிகக் குறைவு, வானத்திலிருந்து விழுவதை நம்பித்தான் சறுக்கு. இரண்டு மடங்கு ஆட்களை மேலே அனுப்பினால் குறுகலான காட்டுத் தடங்களில் பனி சீக்கிரம் தேய்ந்துபோகும். லிஃப்ட் மெதுவாக ஆட்களைக் கொண்டுபோவதுதான் தடத்தைக் காக்கிறது. எனக்கு இது மிகப் புத்திசாலித்தனமான முடிவாகவே படுகிறது.

வெர்மான்ட் மரபுக் காப்பு அறக்கட்டளையும் கைகொடுக்க, நன்கொடை திரட்டி 15 லட்சம் டாலருக்கும் மேல் செலவழித்தார்கள். பழைய இரும்புக் கோபுரங்களைக் கழற்றி, ஹெலிகாப்டரில் இறக்கி, துரு நீக்கி, பெயிண்ட் அடித்து, புதிய கான்கிரீட் அடித்தளத்தில் மறுபடி நிறுத்தினார்கள். ஓட்டும் இயந்திரமும் வடமும் புதியவை. அந்த டிசம்பரிலேயே லிஃப்ட் மீண்டும் ஓடியது. இன்று அமெரிக்காவில் ஒற்றை நாற்காலி லிஃப்ட் இதைத் தவிர இன்னொன்றுதான் ஓடுகிறது. அது அலாஸ்காவில் கார்டோவா என்ற மீன்பிடி ஊரில் இருக்கிறது. ஐடஹோவின் சன் வேலியில் 1939-இல் நிறுவியதைப் பிற்பாடு அங்கே கொண்டுபோனார்கள். சன் வேலி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உலகின் முதல் சேர்லிஃப்ட் 1936-இல் அங்கேதான் ஓடியது. அதை வடிவமைத்த ஜிம் கரன் என்ற ரயில்வே பொறியாளர், கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கி வடத்தைப் பார்த்து, கொக்கிக்குப் பதில் நாற்காலி மாட்டினால் என்ன என்று யோசித்தவர். வாழைத்தாருக்கும் என் மகளின் பயணத்துக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதில் எனக்கு மிகவும் சந்தோஷம்.

அப்புறம், மெக்கானிக்குகள். இந்த மடலே அவர்களுக்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த வகை லிஃப்டில் நாற்காலி வடத்தோடு இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கும். புதிய பெரிய லிஃப்டுகளைப் போல நிலையத்துக்குள் வந்ததும் கழன்று மெதுவாகாது. ஆகவே எல்லா எடையும் எல்லா அதிர்வும் வடத்தின் மேல் விழுகிறது. பிடி ஒரே இடத்தில் வருடக்கணக்காக இருந்தால் அந்த இடத்தில் கம்பி இழைகள் சோர்ந்து அறும். அதனால் குறித்த காலத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிடியையும் தளர்த்தி, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி முடுக்க வேண்டும். எல்லா நாற்காலிக்கும் இதே வேலை. பிடிகளைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று காந்தமுறையில் சோதிக்க வேண்டும். வடத்துக்குள்ளே இழை அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும் காந்தச் சோதனை உண்டு. வடம் நாளாக நாளாக நீளும். அளவு மீறினால் வெட்டிச் சுருக்கி, இழைகளைப் பிரித்துக் கோத்துப் பின்ன வேண்டும். அப்படிப் பின்னத் தெரிந்த கைகள் இப்போது அதிகம் இல்லை. கோபுரத்துக் கப்பிகளின் ரப்பர் பட்டை தேய்ந்தால் மாற்ற வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெயைப் பார்க்க வேண்டும். லிஃப்ட் தானாகப் பின்னோக்கி உருளாமல் தடுக்கும் பிரேக் வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

இதெல்லாம் கோடையில் நடக்கும் வேலை. குளிர்காலத்தில் இன்னொரு கடமை சேர்ந்துகொள்ளும். இரவெல்லாம் காற்றும் மூடுபனியும் அடித்தால் காலையில் கப்பிகள் மேல் பனிக்கட்டி படிந்திருக்கும். நாம் வீட்டில் காபி குடிக்கும் நேரத்தில் ஒருவர் கோபுரத்தின் ஏணியில் ஏறி, இடுப்புப் பட்டையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, அதைத் தட்டித் தட்டி உதிர்க்கிறார். சம்பளத்தை மட்டும் பார்த்தால் ஒருவரும் செய்கிற வேலையில்லை. சின்ன மலைகளின் நிலை பொதுவாகவே இப்படித்தான். பழைய லிஃப்டுகளைச் செய்த கம்பெனிகள் பல மூடிவிட்டன. ரிப்லெட் என்ற பெயர் ஒருகாலத்தில் மேற்கு மலைகளெங்கும் இருந்தது, 2003-இல் அதுவும் நின்றுபோனது. அந்த லிஃப்டுகளை வைத்திருப்பவர்களுக்கு, இன்னொரு மலையில் கழற்றிப் போட்ட உதிரிப்பாகம் கிடைத்தால் அதுவே பெரிய விஷயம். வெர்மான்ட்டிலேயே ஈஸ்ட் கோரிந்த் ஊரில் நார்த்ஈஸ்ட் ஸ்லோப்ஸ் என்ற குட்டி மலையில் பழைய டாட்ஜ் லாரி ஒன்றின் எஞ்சின்தான் சறுக்குகிறவர்களை மேலே இழுக்கும் கயிற்றை ஓட்டுகிறது, நடத்துவது ஊர்த் தொண்டர்கள். இப்படிப்பட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறோம், நன்றி.

லிஃப்டின் அடிவாரத்தில் நின்ற அண்ணனுக்கு எங்கள் மகள் தனியாக நன்றி சொல்லச் சொன்னாள். நாற்காலி வேகமாக வந்து பிள்ளையின் முழங்காலின் பின்பக்கம் இடிக்காமல், அவர் கையால் பிடித்து நிறுத்தி உட்கார வைத்தார். தொலைபேசியில் மேலே நிற்பவரிடம், “சின்னப் பிள்ளை வருது, பாத்துக்கோங்க” என்று சொன்னதும் எங்கள் காதில் விழுந்தது. மேலே இருந்தவர் வேகத்தைக் குறைத்து இறக்கிவிட்டார். உச்சியில் உள்ள ஸ்டார்க்ஸ் நெஸ்ட் குடிலில் கை சூடேறும்வரை உட்கார்ந்துவிட்டு, சறுக்கியபடியே இறங்கி வந்தோம். அவளுக்கு முதலில் பறவைப் பெயர் வைத்த எளிய தடங்களில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்கும், லிஃப்ட் நின்றுபோனால் கயிறு வீசி ஒவ்வொருவராக இறக்கும் பயிற்சியை ஆண்டுதோறும் எடுக்கும் மீட்புக் குழுவினருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

கடைசியாக, பர்லிங்டன் பக்கத்துத் தமிழ் நண்பர்கள். பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன பூட்ஸையும் கோட்டையும் கொடுத்த அக்காவுக்கு, சனிக்கிழமைதோறும் விடியுமுன் வண்டியில் கூட்டிப் போன மாமாவுக்கு, நெய் மணக்கும் பொங்கலை ஃபிளாஸ்கில் கட்டிக் கொடுத்த அத்தைக்கு, எங்களோடு பணம் சேர்த்து ஒரு பங்கு வாங்க முன்வந்திருக்கும் இரண்டு குடும்பங்களுக்கு, மனமார்ந்த நன்றி. பங்கு யார் பெயரில் என்பதை வரும் மாதம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்வோம்.

அந்த பூட்ஸ் இப்போது எங்கள் மகளுக்கும் சின்னதாகிவிட்டது. நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வெர்மான்ட்டிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம்