கொடுத்தது நான்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளின் உணவு ஒவ்வாமை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பெற்றோருக்கே புத்தி சொல்லியிருந்தது. என் மகளுக்கு அது தேவையில்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தெரியாதவன் நான். நான்கு வயதுப் பேரனுக்கு ஆகாததைக் கொடுத்ததும் நான்தான்.

அவனுக்குப் பால் ஆகாது. அன்று மகள் வெளியே போயிருந்தாள். பையன் கோகோ கேட்டான். வெந்நீரில் கலந்தேன். கொஞ்சம் கெட்டியாக இருந்தால் விரும்பிக் குடிப்பானே என்று எனக்காக வைத்திருந்த கிரீமர் பொடியில் ஒரு ஸ்பூன் போட்டேன். டப்பாவின் முகப்பில் கொட்டை எழுத்தில் 'நான்-டெய்ரி', அதாவது பால் சேராதது என்று இருந்தது. நான் அச்சகத்தில் 31 வருடம் புரூஃப் பார்த்தவன். அட்டையை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே எல்லாம் சரி என்று ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அன்று போட்டேன். பின்பக்கம் பொடி எழுத்தில் 'சோடியம் கேசினேட்', அதையடுத்து அடைப்புக்குறிக்குள் 'பாலிலிருந்து பெறப்பட்டது'. கேசின் பாலின் முக்கியமான புரதம் என்பது மருத்துவமனையில்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு வாய் குடித்திருப்பான். வாயைச் சுற்றித் தடிப்பு கிளம்பியது. அப்புறம் வாந்தி. என்ன செய்ய வேண்டும் என்று மகள் எழுதிய தாள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. அட்ரினலின் ஊசிப் பேனா இருக்கும் பை அதற்குப் பக்கத்திலேயே தொங்கியது. தோலில் தடிப்பு, கூடவே வாந்தியோ இருமலோ வந்தால் ஊசி போடு, யாரையும் கேட்காதே என்று அதில் எழுதியிருந்தாள். நான் அரிப்புக்கான சிரப்பைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். ஊசி என்பது கடைசிக் கட்டத்துக்கு என்று என் மனதில் ஓர் எண்ணம். உண்மையைச் சொன்னால், பயம். பிள்ளையின் குரல் கம்மத் தொடங்கியபோதும், இதோ அடங்கிவிடும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் உள்ளே நுழைந்ததும் கேட்ட ஒரே கேள்வி, "அப்பா, ஊசி போட்டாச்சா?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பேன்ட் மேலேயே தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டாள். எழுந்து நடக்க விடவில்லை. பிறகு ஆம்புலன்ஸ். ஊசி வேலை செய்து அடங்கினாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும் என்று மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்தார்கள். பிழைத்துக்கொண்டான்.

என் சிரப்பைப் பற்றி மருத்துவர் சொன்னதைத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்லியாக வேண்டும். அது அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும், அவ்வளவுதான். இறுகும் மூச்சுக்குழாயைத் திறக்கவோ, விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்கவோ அதனால் முடியாது. அதற்கு அட்ரினலின்தான் முதல் மருந்து. அவசரப்பட்டுப் போட்டுவிட்டோமோ என்ற பயம் வேண்டாம், நெஞ்சு கொஞ்ச நேரம் படபடக்கும், கை நடுங்கும், தணிந்துவிடும் என்றார். தாமதம்தான் ஆபத்தாம்.

என்னைத் தேற்றுவதற்கோ குத்திக்காட்டுவதற்கோ, மகள் ஓர் ஆய்வைப் படித்துக் காட்டினாள். 2012-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்தது. பால் அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள, அல்லது இருக்கக்கூடும் என்று கருதப்பட்ட 512 அமெரிக்கக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். ஒவ்வாமை ஏற்பட்டவற்றில் ஏறத்தாழ பாதியில், உணவைக் கொடுத்தவர் பெற்றோர் அல்ல. கடுமையாகப் பாதிக்கப்பட்டபோது அட்ரினலின் போடப்பட்டது 30 சதவீத அளவில்தான். இரண்டு கணக்கிலும் நான் வருகிறேன்.

ஆகவே அடுத்த முறை எழுதும்போது தாத்தா பாட்டிக்கும், பக்கத்து வீட்டாருக்கும், பள்ளியில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கும் எழுதுங்கள். பால் என்ற சொல்லே இல்லாமல் லேபிளில் கேசின், கேசினேட், வே (whey, திரிந்த பாலின் தெளிநீர்) என்ற பெயர்களில் பால் ஒளிந்திருக்கலாம் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். போன மாதம் வாங்கிய அதே டப்பாதானே என்றும் இருக்க முடியாது, தயாரிப்பில் சேர்மானத்தை மாற்றுவார்கள். உறவினர் ஒருவர் அக்கறையோடு 'லாக்டோஸ் நீக்கிய பால் கொடுங்களேன்' என்றார். நீக்குவது சர்க்கரையை, பிள்ளைக்கு ஆகாதது புரதம். இன்னொருவர், தினம் துளித்துளியாகக் கொடுத்தால் பழகிவிடும் என்றார். அப்படியொரு சிகிச்சை இருக்கிறதுதான். ஆனால் அது மருத்துவர் அளந்து கொடுத்து, அவர் மேற்பார்வையில் நடப்பது. நம் சமையலறையில் செய்து பார்க்கிற காரியமா அது? கையில் சானிடைசர் தடவிக்கொண்டு குழந்தைக்கு ஊட்ட வருபவர்களும் கேளுங்கள்: கிருமி சாகலாம், கையில் ஒட்டிய வேர்க்கடலைப் புரதம் அதனால் போகாது. சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும்.

மகள் மருந்தும் ஊசியும் இல்லாத பயிற்சிப் பேனா ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஞாயிறுதோறும் என் தொடையிலேயே அழுத்திப் பழகுகிறேன். எண்ணுவது பேரன். நான் கையைச் சீக்கிரம் எடுத்துவிட்டால், "இன்னும் மூணு சொல்லலை தாத்தா" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா
(பெயரை வெளியிட வேண்டாம்)